இன்னும் ஒரு ஆள் ஏறலாம்ணா!

போன ஆடி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. லீவுக்கு ஊருக்கு வந்தவன் நாட்றாம்பாளையம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஓசூரிலிருந்து அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போகிறவர்கள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகவேண்டும். அதனால் சனி, ஞாயிறு என்றால் கடையில் நல்ல வியாபாரம். காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு சந்தோஷமாகப் போன இரண்டு கார்கள் மத்தியானமே திரும்பி வந்து நின்றன. இறங்கியவர்கள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அவ்ளோ தூரம் வண்டி ஓட்டிக்கிட்டு வந்தா பரிசல் கிடையாதாம்ணா. கலெக்டர் தடை போட்டுட்டாராம். ஆறுன்னா தண்ணி வரத்தான் செய்யும். தண்ணியே வேணாம்னா பரிசலை ரோட்ல ஓட்டச் சொல்லுங்க!"

கடையே சிரித்தது. (நானும் கொஞ்சம் சிரித்தேன், பொய் சொல்வானேன்.) ஆனால் வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தப் பேச்சு மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. அந்த அண்ணன் ஒருத்தர் மட்டும் பேசுகிற பேச்சு இல்லை இது. ஊட்டி ஏரியிலும், கொடைக்கானலிலும், பிச்சாவரத்திலும், முட்டுக்காட்டிலும் வரிசையில் நிற்கிறவர்கள் பேசுவது இதைத்தான். "காசு குடுக்கறோம்ல? ஏத்த வேண்டியதுதானே?" அவர்களோடு கொஞ்சம் சண்டை போடலாம் என்று இருக்கிறேன். அதன்பிறகு, அவர்களை ஏற்றுகிறவர்களோடும்.

முதலில் அந்தத் தடை விஷயம். எங்கள் ஊரிலிருந்து காட்டு வழியாக இறங்கினால் வருவது பிலிகுண்டுலு. பேப்பரில் பார்த்திருப்பீர்கள். காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடத்தில் மத்திய நீர் ஆணையம் தண்ணீரை அளக்கும் நிலையம் அங்கேதான் இருக்கிறது. 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் வருஷத்துக்கு 177.25 டிஎம்சி தரவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னதே, அந்தக் கணக்கைப் பார்ப்பதும் இங்கேதான். அரசியல்வாதிகளுக்கு அது ஒரு சண்டைக் கணக்கு. ஒகேனக்கல்லில் பரிசல் போடுகிறவருக்கு அது இன்றைக்குத் துடுப்பைத் தொடலாமா கூடாதா என்பதற்கான கணக்கு.

2018 ஆகஸ்டிலும், 2022-லும், 2024-லும் அந்த அளவு ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. டிவியில் கீழே ஓடுகிற வரியில் இதைப் படித்துவிட்டு சாப்பாட்டைத் தொடர்கிறோம். ஒரு தடவை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. அப்படியென்றால் ஒரு லட்சம் கன அடி என்பது நொடிக்கு 28 லட்சம் லிட்டர். ஓசூரில் அபார்ட்மெண்ட் வாசலில் நிற்கும் 12,000 லிட்டர் தண்ணீர் லாரி இருக்கிறதல்லவா, அதில் 230-க்கும் மேற்பட்ட லாரிகளை ஒரே நொடியில் கவிழ்த்தால் எவ்வளவோ, அவ்வளவு. அடுத்த நொடி இன்னொரு 230. அதற்குள் மூங்கில் பிளாச்சில் பின்னிய ஒரு கூடையை விட்டு, அதில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு செல்ஃபி எடுக்கவேண்டும் என்கிறார் நம்ம அண்ணன்.

"பரிசல் சரி, மோட்டார் படகு விட்டால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆந்திராவில் விட்டார்கள். 2019 செப்டம்பர் 15. கோதாவரியில் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்த நேரம். பாப்பிகொண்டலு மலைகளைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு 'ராயல் வசிஷ்டா' என்ற படகு கிளம்பியது. எழுபது பேருக்கு மேல் இருந்தார்கள். கச்சுலூரு அருகே சுழலில் கவிழ்ந்தது. சுமார் ஐம்பது பேர் போய்விட்டார்கள். படகை ஆற்றிலிருந்து வெளியே எடுக்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. இன்ஜின் இருக்கிறது என்ற தைரியம் வெள்ளத்திடம் செல்லாது. அன்று காலையில் யாராவது ஒருத்தர் கரையில் நின்று "இன்னைக்குக் கிடையாது, டிக்கெட் காசை வாங்கிக்கிட்டுப் போங்க" என்று சொல்லியிருந்தால்? அத்தனை பேரும் திட்டிக்கொண்டே வீட்டுக்குப் போயிருப்பார்கள். வழியில் ஏதாவது ஒரு டீக்கடையில் நின்று "ஆறுன்னா தண்ணி வரத்தான் செய்யும்" என்று ஜோக்கும் அடித்திருப்பார்கள்.

ஆகவே தடை சரி. என் கட்சி அதுதான். ஆனால் அரசாங்கத்துக்கு நான் போடும் ஜால்ரா இத்தோடு முடிந்தது. ஏனென்றால் வெள்ளம் வந்தால் தடை போடுவது சுலபம். வெள்ளத்தைக் கண்ணால் பார்க்கலாம், அளவு நிலையம் இருக்கிறது, கலெக்டர் கையெழுத்துப் போட்டால் போதும். தண்ணீர் அமைதியாக இருக்கும் நாளில் "கிடையாது" என்று சொல்வது யார்?

ஒகேனக்கல்லில் 2015 ஏப்ரலில் பரிசல் கவிழ்ந்து சென்னையிலிருந்து வந்த ஒரே குடும்பத்தில் ஆறு பேர் இறந்தார்கள். ஏப்ரல் மாசம் என்பதைக் கவனியுங்கள். ஆடி வெள்ளம் இல்லை.

தேக்கடியில் 2009 செப்டம்பர் 30 சாயங்காலம். பெரியாறு ஏரி. புயலும் இல்லை, வெள்ளமும் இல்லை. 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு. கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்குச் சொந்தமானது, அதாவது அரசாங்கப் படகு. தண்ணீரில் விட்டு இரண்டு மாதம்கூட ஆகாத புத்தம் புதுசு. எண்பது பேருக்கு மேல் இருந்தார்கள். கரையில் காட்டு மிருகங்களைப் பார்த்ததும் ஒரு பக்கமாக ஜனம் நகர, படகு சாய்ந்து கவிழ்ந்தது. 45 பேர். அதில் நம் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் உண்டு. லைஃப் ஜாக்கெட் யாரும் போட்டிருக்கவில்லை.

பழவேற்காட்டில் 2011 கிறிஸ்துமஸ் அன்று உறவுக்காரர்களாகச் சேர்ந்து படகில் போனவர்களில் 22 பேர். மலப்புரம் மாவட்டம் தானூரில் 2023 மே 7 அன்று இரவு இருட்டிய பிறகு ஓட்டிய படகில் 22 பேர், பாதிக்கு மேல் குழந்தைகள். அது மீன்பிடிப் படகை மாற்றி உல்லாசப் படகு ஆக்கியது. ஏற்றவேண்டிய அளவைவிட மிக அதிகமாக ஏற்றியிருந்தார்கள். இது ஒருநாள் கவிழும் என்று உள்ளூர்க்காரர்கள் முன்பே சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்றும் செய்தி வந்தது. வதோதராவில் 2024 ஜனவரி 18, ஊருக்கு நடுவில் இருக்கிற ஒரு ஏரி, பள்ளிக்கூடத்து பிக்னிக். 12 பிள்ளைகள், 2 டீச்சர்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஜாக்கெட்கூட இல்லை.

ஊர் வேறு, வருஷம் வேறு, படகு வேறு. ஆனால் கரையில் நடந்த பேச்சு ஒன்றாகத்தான் இருந்திருக்கும். "இன்னும் ஒரு ஆள் ஏறலாம்ணா. சின்னப் பையன்தான், மடியில உக்காந்துக்குவான்."

இந்த 'இன்னும் ஒரு ஆள்' விஷயத்தில் ஒரு பெரிய ஏமாற்று இருக்கிறது. நான் படிப்பது மெக்கானிக்கல் என்பதால் இதைக் கொஞ்சம் இழுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஆள் கூடுதலாக ஏறினால் படகு மூழ்காது. அதுதான் ஏமாற்று. அரை அங்குலம், ஒரு அங்குலம் கீழே இறங்கும், அவ்வளவுதான். யாருக்கும் தெரியாது. இன்னும் நாலு பேர் ஏறினாலும் அப்படியே மிதக்கும். கரையில் நிற்கிறவருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருக்கிற அந்த ஒரு முழ இடைவெளி இருக்கிறதே, அது நம் பேங்க் சேமிப்பு மாதிரி. ஒவ்வொரு ஆளும் அதிலிருந்து கொஞ்சம் எடுக்கிறார். எடுக்கும்போது எதுவும் ஆகாது. ஒருநாள் ஒரு அவசரம் வந்து பேங்குக்கு ஓடும்போதுதான் கணக்கில் ஒன்றுமில்லை என்று தெரியும். பக்கத்தில் ஒரு பெரிய படகு அலை கிளப்பிக்கொண்டு போகும். அல்லது ஓட்டுகிறவர் சடாரென்று திருப்புவார். அல்லது யாரோ "அதோ யானை!" என்பார்கள்.

சாய்வது என்பது இன்னும் மோசம். படகில் எல்லோரும் கீழே உட்கார்ந்திருந்தால் மொத்த எடையின் மையம் தாழ்வாக இருக்கும். படகு சாய்ந்தாலும் தானே நிமிர்ந்துகொள்ளும், தலையாட்டி பொம்மை மாதிரி. ஆட்கள் எழுந்து நின்றால், மேல் தட்டுக்குப் போனால், அந்த மையமும் மேலே போகும். தலையாட்டி பொம்மையின் தலையில் ஈயத்தைக் கட்டின கதை. ஒரு அளவுக்கு மேல் சாய்ந்தால் திரும்பி வராது. சாயச் சாய ஆட்களும் அந்தப் பக்கமே சரிவார்கள், சாய்வு இன்னும் கூடும். அதற்கப்புறம் எண்ணி சில நொடிகள். "தினமும் இப்படித்தான் ஓட்டறோம், ஒண்ணும் ஆனதில்ல" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. ஒன்றும் ஆகாதுதான், ஆகிற நாள் வரைக்கும்.

இப்போது என் சொந்தக் கதை ஒன்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் காலேஜ் நண்பர்களோடு ஒரு ஏரிக்குப் போயிருந்தோம். எந்த ஏரி, யார் நடத்தும் படகு என்பதெல்லாம் வேண்டாம். மோட்டார் படகு, டிக்கெட் வாங்கியாயிற்று. ஓட்டுகிற அண்ணன் முப்பத்தைந்து வயசு இருக்கும். ஜாக்கெட்டுகளை நீட்டினார். அழுக்கு, வியர்வை நாற்றம், பாதி ஜாக்கெட்டில் கொக்கி கிடையாது. எங்களில் ஒருத்தன் மூக்கைப் பிடித்துக்கொண்டு மடியில் வைத்துக்கொண்டான். நானும் தோளில் போட்டேனே தவிர மாட்டவில்லை, போட்டோவில் சட்டை தெரியவேண்டுமே! அண்ணன் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். நடு ஏரிக்குப் போனதும் எங்கள் ஆள் ஒருத்தன் நூறு ரூபாயை நீட்டி "அண்ணா, ஒரு ரவுண்டு அடிங்க" என்றான். அடித்தார். ஒரு பக்க விளிம்பு தண்ணீரைத் தொடும் அளவுக்குச் சாய்த்து ஒரு வட்டம். நாங்கள் கத்தினோம், சந்தோஷத்தில்தான்.

திரும்பும்போது அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். மாசச் சம்பளமா என்றேன். இல்லையாம். டிரிப்புக்கு இவ்வளவு என்று கணக்காம். எத்தனை பேரை ஏற்றுவது என்று யார் சொல்வார்கள் என்று கேட்டேன். கவுண்டரைக் கையால் காட்டினார். "டிக்கெட் கிழிச்சு அனுப்புவாங்க தம்பி. வந்தவங்கள எறக்கிவுட்டா நாளைக்கு எனக்கு வண்டி இருக்காது." அந்த ஏரியில் ஓட்டுகிறவர்கள் படகை 'வண்டி' என்றுதான் சொல்கிறார்கள்.

அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. தானூர்ச் செய்தியைப் பழைய பேப்பரில் திரும்பப் படித்த அன்றுதான் உறைத்தது. படகில் "வேண்டாம்" என்று சொல்லவேண்டிய ஆள் ஒருத்தர்தான். கப்பல் என்றால் அவருக்குப் பெயர் கேப்டன். அவர் சொல்தான் சட்டம், முதலாளியே வந்தாலும் சரி. நம் ஏரியில் அதே வேலையைச் செய்கிறவர் இருப்பதிலேயே குறைந்த கூலிக்காரர். அவர் "வேண்டாம்" என்று சொன்னால் அவருக்கே நஷ்டம். "சரி" என்று சொன்னால் நூறு ரூபாய் லாபம். இப்படி ஒரு ஏற்பாட்டைச் செய்து வைத்துவிட்டு, கவிழ்ந்த பிறகு அவரைப் பிடித்து உள்ளே போடுகிறோம். தேக்கடியில் முதலில் கைதானவர்கள் படகு ஓட்டியவரும் அவருடைய உதவியாளரும்தான். அந்த இரண்டடுக்குப் படகின் வடிவத்தை வரைந்தது அவர்களா? அது சாயுமா சாயாதா என்று சோதித்துச் சான்று கொடுத்தது அவர்களா? டிக்கெட் விற்றது அவர்களா? தானூரில்தான் கொஞ்சம் மாறியது. படகு உரிமையாளர் மட்டுமல்ல, பின்னால் துறைமுகத் துறை அதிகாரிகள் இரண்டு பேரும் கைதானார்கள். வதோதராவில் ஒப்பந்தம் எடுத்த நிறுவனத்தின் பங்குதாரர்களும் பிடிபட்டார்கள். நல்லதுதான். ஆனால் எல்லாம் பிணம் விழுந்த பிறகு.

ஓட்டுகிறவர்கள் மேல் தப்பே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. அன்றைக்கு அந்த அண்ணன் அடித்த வட்டம் இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. மோட்டார் படகை பைக் மாதிரி நினைத்து ஓட்டுகிறவர்கள் நிறைய பேர், அதில் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்களே அடக்கம். பைக்குக்கு பிரேக் உண்டு. படகுக்குக் கிடையாது. நிறுத்தவேண்டுமென்றால் ரிவர்ஸ் போடவேண்டும், அப்போதும் கொஞ்ச தூரம் வழுக்கிக்கொண்டு போய்த்தான் நிற்கும். இன்னொன்று: பைக்கில் ஆபத்து வந்தால் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு ஹேண்டில்பாரைத் திருப்புவோம். பின்னால் மோட்டார் தொங்கும் படகில் அது வேலைக்கு ஆகாது. அங்கே படகைத் திருப்புவதே விசிறி தள்ளுகிற தண்ணீர்தான். ஆக்சிலரேட்டரை முழுசாக விட்டால் திருப்பும் சக்தியும் கூடவே போய்விடும். கரையை நோக்கியோ ஒரு பரிசலை நோக்கியோ போய்க்கொண்டிருக்கும்போது பதறிப்போய் கையை விட்டால் படகு நேராக அங்கேயே போய் முட்டும்.

அப்புறம் அந்தச் சிவப்புக் கயிறு. மோட்டாரின் ஒரு சுவிட்சிலிருந்து சுருள் சுருளாகத் தொங்கும், பார்த்திருப்பீர்கள். அதை ஓட்டுகிறவர் மணிக்கட்டிலோ ஜாக்கெட்டிலோ மாட்டிக்கொள்ளவேண்டும். அவர் தவறித் தண்ணீரில் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும். மாட்டாமல் விழுந்தால்? ஆளில்லாத படகு பெரும்பாலும் நேராகப் போகாது. வட்டமடித்துத் திரும்பி, விழுந்தவர் மேலேயே விசிறியோடு வரும். அமெரிக்காவில் 2021 ஏப்ரல் 1-லிருந்து சின்ன மோட்டார் படகுகளில் அதை மாட்டியே ஆகவேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள். நான் பார்த்த படகில் அது ஒரு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, சாமி படத்துக்குப் பக்கத்தில்.

வேகம் எவ்வளவு கொடியது என்று 2024 டிசம்பர் 18-ல் மும்பை பார்த்தது. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபண்டா தீவுக்குப் போய்க்கொண்டிருந்த 'நீல்கமல்' படகின் மேல், இன்ஜின் சோதனை ஓட்டத்தில் இருந்த கடற்படையின் வேகப் படகு கட்டுப்பாடு இழந்து வந்து மோதியது. 15 பேர். மோதுவதற்கு முந்தின நொடிகளைப் பயணிகளில் ஒருவர் செல்போனில் எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. அந்த வேகப் படகில் இருந்தவர்கள் பயிற்சி இல்லாதவர்களா என்ன? ஜனங்கள் போய்வரும் வழியில் எந்த வேகத்தில் வட்டமடிக்கலாம் என்பதற்கு "வேண்டாம், வேற இடத்துல வச்சுக்கலாம்" என்ற ஒரு வார்த்தைதான் தேவைப்பட்டது. நீல்கமலிலும் அனுமதித்ததைவிட அதிகம் பேர் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குடி பற்றிச் சொல்லாவிட்டால் எங்கள் ஊர்க்காரன் எழுதியது என்று யாரும் நம்பமாட்டார்கள் :-) ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் ரோட்டோரம் காலி பாட்டில்களை எண்ணினால் ஒரு கடை வைக்கலாம். ரோட்டில் குடித்துவிட்டு ஓட்டினால் போலீஸ் ஊதச் சொல்கிறது. ஆற்றில் ஏறுகிறவரை யார் ஊதச் சொல்கிறார்கள்? அமெரிக்கக் கடலோரக் காவல்படை வருஷா வருஷம் உல்லாசப் படகு விபத்துகளின் கணக்கை வெளியிடுகிறது. சாவில் முடிந்த விபத்துகளுக்குத் தெரிந்த காரணங்களில் முதலிடம் குடிக்குத்தான். மூழ்கி இறந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஜாக்கெட் போடாதவர்கள் என்பதும் அதே கணக்கில் இருக்கிறது. நீச்சல் தெரியும் என்று மார் தட்டுகிறவர்கள் கவனிக்க. தலையில் அடிபட்டு மயங்கியவருக்கு நீச்சல் தெரிந்து என்ன பயன்? மடியில் இருக்கிற ஜாக்கெட் ஒரு தலையணை. தோளில் மாட்டிக் கொக்கி போடாத ஜாக்கெட் அதைவிட மோசம், தண்ணீரில் விழுந்ததும் அது மட்டும் மேலே வரும்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1917-லிருந்து ஒன்று இருந்தது. அதை எடுத்துவிட்டு உள்நாட்டு நீர்வழிக் கலங்களுக்கு 2021-ல் புதுச் சட்டம் கொண்டுவந்து, 2022 ஜூனில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. இன்ஜின் வைத்த படகு என்றால் பதிவு வேண்டும், ஆய்வுச் சான்று வேண்டும், ஓட்டுகிறவருக்குத் தகுதிச் சான்று வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும். இன்ஜின் இல்லாதவற்றுக்கும் அதில் தனி அத்தியாயமே உண்டு. அப்புறமும் 2023-ல் தானூர், 2024-ல் வதோதரா. குமரகத்தில் 2002 ஜூலை 27-ல் அரசாங்கப் படகு மூழ்கி 29 பேர் இறந்தார்கள், அதில் பலர் அரசு வேலைக்குப் பரீட்சை எழுதப் போனவர்கள். அதற்கு ஒரு விசாரணைக் கமிஷன். தேக்கடிக்கு ஒரு கமிஷன். தானூருக்கு ஒரு கமிஷன். கேரளத்தில் கமிஷன் அறிக்கைகளையே அடுக்கி ஒரு படகு செய்யலாம் போலிருக்கிறது.

காகிதத்தில் இருக்கிற சட்டத்தைத் தண்ணீருக்குக் கொண்டுவர என்ன செய்யலாம் என்றால், எனக்குத் தோன்றுவது பெரிய விஷயம் எதுவும் இல்லை. படகு ஓட்டுகிறவருக்கு டிரிப் கணக்கை நிறுத்திவிட்டு மாசச் சம்பளம் கொடுங்கள். ஆளை இறக்கிவிட்டால் அவர் வீட்டு அடுப்பு அணையக்கூடாது. எத்தனை பேர் என்ற எண்ணைக் கவுண்டருக்குள் வைக்காமல் படகின் பக்கவாட்டில், தமிழில், ஒரு முழ உயரத்துக்கு எழுதுங்கள். பஸ்ஸில் எழுதவில்லையா? ஏறுகிற பொண்டாட்டி பிள்ளைகளே எண்ணிப் பார்த்துக்கொள்வார்கள். கொக்கி இல்லாத ஜாக்கெட்டைத் தூக்கிப் போடுங்கள். குழந்தைகளுக்குக் குழந்தை அளவில் வையுங்கள், பெரியவர் ஜாக்கெட்டில் குழந்தை அப்படியே கீழே வழுக்கிவிடும். பொழுது சாய்ந்தால் கவுண்டரை மூடுங்கள். அப்புறம், ஓட்டுகிறவர் ஒருத்தரை ஏற்றமாட்டேன் என்று சொன்னால் கவுண்டரில் இருப்பவர் அவர் பக்கம் நிற்கவேண்டும். இந்தக் கடைசி ஒன்று நடந்தால் மற்றதெல்லாம் தானாக நடக்கும் என்பது என் கட்சி.

இதற்கு வரும் எதிர்ப்பேச்சும் எனக்குத் தெரியும். "நாலு பேரைத்தான் ஏத்தணும், சம்பளம் குடுக்கணும்னா டிக்கெட் விலை ஏறும், கூட்டம் வராது, பரிசக்காரங்க பொழப்பு போயிடும்." பரிசல்காரர்களின் பிழைப்பைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறவர்கள் டிக்கெட் விலையில் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லி அவர்களிடம் அரைமணி நேரம் பேரம் பேசுவதையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு விபத்து நடந்தால் மொத்தத் துறைக்கும் தடை விழுகிறது. யாரோ ஒருத்தர் கூடுதலாக ஏற்றிய ஆளுக்கு நூற்றுக்கணக்கான குடும்பங்கள் கூலியை இழக்கின்றன. எங்கள் சொந்தத்தில் பரிசல் போடும் மாமா ஒருத்தர் இருக்கிறார். ஒருமுறை குடித்திருந்த ஒரு கும்பலை ஏற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். நல்லது மாமா, அப்புறம் என்ன ஆச்சு என்றேன். "என்ன ஆவும்? பின்னாடி நின்ன பரிசல்ல ஏறிப் போயிட்டானுங்க. நான் வெயில்ல நின்னதுதான் மிச்சம்" என்றார்.

தனி ஒருத்தர் சொல்லும் "வேண்டாம்" இப்படித்தான் வெயிலில் காயும். துறையில் இருக்கிற எல்லாரும் சேர்ந்து சொன்னால்தான் அதற்கு மதிப்பு. அதனால்தான் கலெக்டர் தடை போட்டால் எனக்குக் கோபம் வருவதில்லை. மாமாவும் சேர்ந்துதான் அன்றைக்குக் கூலியை இழக்கிறார். ஆனால் பின்னாடி நின்ன பரிசல் என்று ஒன்று அன்றைக்கு இல்லை.

சரி, டீக்கடையில் விட்ட அந்த அண்ணனிடம் வருவோம். டீ குடித்து முடித்து, காசு கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி மாஸ்டரிடம் கேட்டார். "ஏண்ணா, இந்தப் பக்கமா காட்டுக்குள்ள எறங்கி ஆத்துக்குப் போக வழி ஏதாச்சும் இருக்கா? சும்மா காலை நனைச்சிட்டு வந்துடறோம், பசங்க ஆசைப்படறானுங்க."

மாஸ்டர் பால் சட்டியைக் கிண்டிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "அப்பிடி வழி எதுவும் கெடையாதுங்க" என்றார்.

மாஸ்டர் பிறந்து வளர்ந்தது பிலிகுண்டுலுவில்.